பத்துமலையில் ஒரு கேவர்ன், பக்கத்திலேயே ஒரு கேவ்: முதல் குகைவாய் முக்குளிப்புக்கு யாரை நம்பிப் போவது?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது சித்தி மகள் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். திரை முழுக்க நீல வெளிச்சம். நடுவில் கறுப்பு நிழலாக ஒரு முக்குளிப்பாளர், அவர் தலைக்கு மேலே பாறைக் கூரை. "அண்ணே, இது தாய்லாந்துல கோ ஹா. கோ லந்தாவுல இருந்து காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். கேவர்ன் டைவாம். போகலாம்தானே?"

மலேசியாவின் தியோமான் தீவில் முக்குளிப்பில் அட்வான்ஸ்ட் வகுப்பு வரை முடித்தவள். முக்குளிப்புகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் 19 டைவ் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு நான் முதலில் கேட்டது குகையைப் பற்றி அல்ல, திரும்பி வரும் விமானம் எப்போது என்று.

"ஞாயிறு ராத்திரி."

"கடைசி டைவ்?"

"ஞாயிறு மத்தியானம்."

அங்கேயே ஒரு கோளாறு. ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவம் சொல்லும் கணக்கு. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்து தங்கியிருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாகக் கிளம்பினால் மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். அந்தப் பயணத்தை அவளுக்கு விற்றவர் பயணச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதி இதற்குள்ளேயே அடங்கிவிடும்: நம்மிடம் எதுவுமே கேட்காமல் பணம் வாங்குகிறவரோடு கூரைக்கு அடியில் போகாதீர்கள். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட இடம் எதுவும் கிடையாது. நம் வீட்டு வாசல் டைவ் என்றால் புலாவ் ஹந்து தீவுதான். மலாய்மொழியில் ஹந்து என்றால் பேய், கலங்கல் தண்ணீருக்குப் பொருத்தமான பெயர். அதனால் இங்குள்ளவர்களுக்குக் கேவர்ன் என்பது எப்போதும் ஒரு விடுமுறையின் நடுவில் வரும் ஒரு நாள். கோ லந்தாவிலோ பிலிப்பீன்ஸிலோ மெக்சிகோவிலோ, முன்பின் தெரியாத ஒருவரை நம்பி இறங்கும் நாள்.

கேவர்ன் என்றால் என்ன?

பத்துமலைக்குப் போகாத சிங்கப்பூர்த் தமிழர் குறைவு. 272 படி ஏறி முடித்ததும் கோயில் குகை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உள்ளே எவ்வளவு தூரம் போனாலும் பின்னால் வாசல் வெளிச்சம் இருக்கும், மேலே கூரை திறந்த இடத்திலிருந்தும் வெயில் விழும். குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால்கூட அது எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். அதே படிக்கட்டில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாகப் பிரிகிறது இருட்டுக் குகை. முன்பெல்லாம் தலைக்கவசமும் டார்ச்சும் கொடுத்துத்தான் அழைத்துப் போவார்கள். சில திருப்பங்கள் தாண்டி விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது.

இரண்டையும் தண்ணீரால் நிரப்புங்கள். கோயில் குகை கேவர்ன். இருட்டுக் குகை கேவ். நான் கேவர்னைக் குகைவாய் என்று சொல்லிக்கொள்கிறேன். வாசலின் இயற்கை வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்வரை உள்ள பகுதிதான் அது. வெளிச்சம் முடியும் இடத்தில் கேவ் தொடங்கிவிடுகிறது. நடுவில் கதவோ கோடோ எதுவும் இருக்காது.

வெளிச்சம் மட்டும் அளவுகோல் அல்ல. தண்ணீர் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆழத்தையும் உள்ளே போன தூரத்தையும் சேர்த்து 40 மீட்டர் என்கிறது பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி நிறுவனம். வேறு சில அமைப்புகள் 60 மீட்டர் வரை விடுகின்றன. இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போக முடியாத குறுகல் எதற்குள்ளும் நுழையக்கூடாது. இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: அதே குகைவாய் சூரியன் மறைந்ததும் கேவ் ஆகிவிடும். பாறை நகர்வதில்லை, வாசல்தான் காணாமல் போகிறது. அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். 4 மணிக்கு மேல் ஒரு கேவர்னுக்கு அழைத்துப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஏன் அந்த நேரம் என்று கேளுங்கள்.

இந்தக் குகைகள் எல்லாம் ஒரு காலத்தில் காய்ந்து கிடந்தவை. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துத் துளைத்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது குகைகள் மூழ்கின. மெக்சிகோவில் செனோட் எனப்படும் இயற்கைக் கிணறுகளில் தண்ணீருக்கடியில் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப் பார்த்தால், ஒருகாலத்தில் அங்கே காற்று இருந்தது, சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது என்று அர்த்தம். தண்ணீருக்குள் அந்த விழுதுகள் வளராது. உடைந்தால் உடைந்ததுதான். சிலிண்டர் உரசி ஒரு நுனி முறிந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டு வேலை முடிந்தது.

மேலே போக வழியில்லை

திறந்த கடலில் எது கெட்டாலும் கடைசி வழி ஒன்று உண்டு: மேலே. ஆழம் அதிகம் இல்லாத இடத்தில் காற்று வராமல் போனாலும் நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டே ஏறிவிடலாம். முதல் வகுப்பிலேயே அதைப் பழக்கிவிடுகிறார்கள், உடம்பும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறது. குகைவாய்க்குள் அந்த வழியை அடைத்துவிடுகிறோம். பயந்த உடம்பு மேலே பாயும், கூரையில் மோதும். வந்த வழியாகப் பக்கவாட்டில் நீந்தி, பிறகுதான் மேலே. கேட்க எளிது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து, எதிரே எதுவும் தெரியாத நேரத்தில் வந்த வழி எது என்பதே கேள்வியாகிவிடும்.

சபா கரையோரம் சிப்பாடான் தீவில் ஆமைக் கல்லறை என்று ஒரு குகை இருக்கிறது. சுமார் 20 மீட்டர் ஆழத்தில் அதன் வாய். உள்ளே கிளைபிரியும் இருட்டில் கடலாமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. ஆமைகள் சாகும்போது அங்கே தேடிப்போகும் என்று கதை கட்டியவர்கள் உண்டு. நடந்தது அதுவல்ல. உள்ளே போனவை திரும்பும் வழி தெரியாமல், மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கியவை. பிறந்ததிலிருந்து கடலில் வாழ்ந்த பிராணி அது. லாக்புக்கில் 19 டைவ் உள்ள சித்தி மகளுக்கு நான் அந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டினேன். சாம்பார் ஆறிப்போனது.

ஃபுளோரிடாவில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் ஒரு விதி. குகைப் பயிற்சி இல்லாதவர்கள் அங்குள்ள டெவில்ஸ் ஊற்றுப் பகுதியில் இறங்கும்போது டார்ச் கொண்டுபோகக்கூடாது. பாதுகாப்புக்கு விளக்கு கொடுக்க வேண்டியவர்கள் ஏன் பிடுங்குகிறார்கள் என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. கையில் விளக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போவார்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் குறையும் இடத்தில் கால் தானாக நின்றுவிடும். மனிதர்களை நன்றாகப் புரிந்துகொண்ட யாரோ எழுதிய விதி.

ஓப்பன் வாட்டர் பயிற்றுநர் என்றால் போதுமா?

போதாது. அவர் திறந்த தண்ணீரில் முக்குளிக்கக் கற்றுத்தருபவர். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நமக்கு நீச்சல்குளத்தில் மாஸ்க்கில் தண்ணீர் வெளியேற்றச் சொல்லிக்கொடுத்த பயிற்றுநர் நம் கண்ணுக்குக் கடல் தேவதை மாதிரி. அவருக்கு ஆயிரம் டைவ் அனுபவம் இருக்கும். ஆனால் ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் குகைகளுக்குள், வெளிச்சம் முடியும் இடத்தில், எலும்புக்கூட்டு உருவம் வரைந்த ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் போகாதே, உயிரைக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு இந்தக் குகைக்குள் எதுவும் இல்லை என்கிறது. இதே மாதிரிக் குகைகளில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஓப்பன் வாட்டர் பயிற்றுநர்களும் உண்டு என்றும் அதே பலகை சொல்கிறது. அந்தக் கடைசித் துண்டு தெரிந்தே எழுதப்பட்டது.

2018-இல் தாம் லுவாங் குகையை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மா ஜூலை முழுக்கச் செய்தி அலைவரிசையை மாற்றவிடவில்லை. 12 பையன்களும் அவர்களின் காற்பந்துப் பயிற்றுநரும் ஜூன் 23 அன்று உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தாய்லாந்துக் கடற்படையின் தேர்ந்த முக்குளிப்பு வீரர்கள் வந்தார்கள். ஆனாலும் ஜூலை 2 அன்று பையன்களைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு குகை முக்குளிப்பாளர்கள், ரிக் ஸ்டான்டனும் ஜான் வோலன்தனும். இருவருமே பொழுதுபோக்காகக் குகைகளுக்குள் போய்வந்தவர்கள். காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுபோன முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் ஜூலை 6 அன்று திரும்பும் வழியில் உயிரிழந்தார். மழைக்காலச் சேற்று வெள்ளம் ஓடிய அந்தக் குகையும் வெயில் விழும் ஒரு கேவர்னும் ஒன்றல்ல, அம்மாவிடம் நான் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கடலில் கைதேர்ந்திருப்பது ஒன்று, பாறைக்கு அடியில் கைதேர்ந்திருப்பது இன்னொன்று என்பது அங்கே உலகத்துக்கே தெரிந்தது.

ஆக, வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய சான்றட்டை முழுக் கேவ் சான்று. கேவர்ன் சான்று மட்டும் போதாது. நீங்கள் வெளிச்சத்தின் ஓரத்தில் இருக்கும்போது, ஏதாவது நடந்து ஒருவர் இருட்டுக்குள் போய்விட்டால் பின்னாலேயே போய் மீட்டுவரக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். மெக்சிகோவின் செனோட்டுகளில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: வழிகாட்டி முழுக் கேவ் சான்று பெற்றவர், ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு விருந்தினர், ஆழம் 21 மீட்டருக்குள், வாசலிலிருந்து 60 மீட்டருக்குள். ஆசியாவில் பல இடங்களில் இப்படி எழுதிவைத்த வழக்கம் இல்லை. ஆகவே அந்த விதியை நாமே பையில் எடுத்துப்போக வேண்டியதுதான்.

அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றும். நமக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். "சார், தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கி, கேட்காமலேயே விட்டுவிடுவோம். கேளுங்கள். உங்களுடைய அட்டையையும் லாக்புக்கையும் அவர் கேட்பார் அல்லவா, அதே உரிமை. பாடி போன்ற நிறுவனங்களின் இணையத்தளத்தில் பயிற்றுநர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கவும் முடியும்.

மூன்றில் ஒரு பங்கு

காற்றுக் கணக்கை வழிகாட்டி எப்படிச் சொல்கிறார் என்பது நான் வைக்கும் பெரிய சோதனை. அதற்கு முதலில் நமக்கே கணக்கு தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் ஷெக் எக்ஸ்லி என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். உலகின் பெரிய குகை முக்குளிப்பாளர்களில் ஒருவர். 1970-களில் குகை விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன செய்திருந்தால் இவர் வீடு திரும்பியிருப்பார் என்று அலசினார். வெளியே வரை தொடரும் கயிறு இல்லை, காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பி வர வைத்திருக்கவில்லை, தாங்காத ஆழத்துக்குப் போனார்கள் என்று திரும்பத் திரும்ப அதே காரணங்கள் வந்தன. பயிற்சியும் விளக்குகளும் பின்னால் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. எக்ஸ்லி 1994-இல் மெக்சிகோவின் ஸகாதோன் கிணற்றில் ஆழ முயற்சி ஒன்றில் இறந்தார். அவர் கண்டெடுத்த விதிகள்தான் இன்றும் வகுப்புகளில் ஓடுகின்றன.

மூன்றில் ஒரு பங்கு விதி இப்படி. உள்ளே போக ஒரு பங்கு, திரும்பி வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கு உங்களுடையதே அல்ல, உங்கள் கூட்டாளியுடையது. மிகத் தொலைவான இடத்தில் அவருடைய காற்று நின்றுபோனால் இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே சுவாசித்துத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு, மொத்தம் இரண்டு.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்தில் நிரப்புவார்கள். மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 65 பார். அதாவது அழுத்தமானியில் 135 பார் காட்டும்போது எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். 65-ஐ 11-ஆல் பெருக்கினால் 715 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவர் 10 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் இரட்டிப்பாவதால், 40 லிட்டர் இழுப்பார். அவருக்குக் கிடைப்பது 18 நிமிடம்கூட முழுதாக இல்லை. பயத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். மூன்றில் ஒரு பங்கு என்பதே தாராளக் கணக்கு அல்ல என்பது இப்போது தெரியும்.

சித்தி மகள் முக்குளிப்புப் பயணம் நடத்தும் இரண்டு பேரிடம் ஒரே கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: எத்தனை பாரில் திரும்புவோம்? ஒருவர், "கவலை வேண்டாம், நாங்கள் தினமும் போகும் இடம்தான்" என்றார். அது பதில் அல்ல. அவர் தினமும் போகிறார், இவள் போவதில்லை. இன்னொருவர், "குழுவில் யார் முதலில் 135-ஐத் தொடுகிறாரோ அவருக்காக எல்லாரும் திரும்புவோம். உங்கள் கடைசி டைவ் எப்போது, எந்த ஆழத்தில், எவ்வளவு மீதம் வைத்து ஏறினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்காமலேயே பிடித்துப்போனது.

மைலோ

எனக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் படித்து வந்தவை அல்ல. பல வருடத்துக்கு முன்னால், ஊர் பேர் வேண்டாம், ஒரு படகில் எட்டுப் பேர். நீந்திக்கொண்டே ஒரு பாறை வாய்க்கு முன்னால் வந்தபோது வழிகாட்டி கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னார். படகில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவரிடம் ஒரு டார்ச். எங்களிடம் ஒன்றும் இல்லை. கயிறு இல்லை. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. திரும்பினால் வாசல் பெரிய நீலத் தட்டு மாதிரித் தெரிந்தது.

எனக்கு முன்னால் போனவர் காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழுமாக அடிக்கும் பழக்கமுள்ளவர். அவர் துடுப்பு தரையைத் தொட்டது. பல வருடமாக ஆடாமல் படிந்திருந்த வண்டல் கிளம்பியது. ஒரு குவளை வெந்நீரில் மூன்று கரண்டி மைலோவைக் கொட்டிக் கலக்கினால் எப்படி இருக்கும், அதற்குள் தலையை விட்ட மாதிரி. கையை மாஸ்க்குக்கு முன்னால் கொண்டுவந்தேன், விரல்கள் தெரியவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்ற நினைவு இருந்தது, ஆனால் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது போய்விட்டது. ஒரு கையால் பாறையைத் தொட்டேன், இன்னொரு கை யாருடைய துடுப்பையோ பிடித்தது. அவர் உதறினார். நான் விடவில்லை. அவரும் வழி தெரியாதவராக இருந்திருந்தால் இருவரும் உள்ளே போயிருப்போம். வெளியே வந்தபோது என் அழுத்தமானியில் 40 பார்.

படகில் ஏறியதும் வழிகாட்டி, "ஓகேயா?" என்று சிரித்துத் தர்பூசணித் துண்டு நீட்டினார். நானும் ஓகே என்று சொல்லி வாங்கித் தின்றேன். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. யாருமே எதுவும் கேட்கவில்லை.

அன்று ஒரு கயிறு இருந்திருந்தால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அதைச் சுற்றி வளையமாக்கி, கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்திருக்கலாம். கயிற்றின் வேலை அவ்வளவுதான். மெக்சிகோவின் பிரபலமான செனோட்டுகளில் நிரந்தரமாகவே கட்டிவைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் தோஸ் ஓஹோஸ் கேவர்னுக்குப் பின்னால் இருக்கும் குகைத்தொடர் சாக் ஆக்துனோடு இணைந்தது என்று 2018 ஜனவரியில் அறிவித்தார்கள், மொத்த நீளம் 347 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வரை காரில் போகும் தூரம். அதன் வாசலில் கயிறு இல்லாமல் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். நிரந்தரக் கயிறு இல்லாத இடத்தில் வழிகாட்டி ரீலிலிருந்து கயிறு விட்டுக்கொண்டே போக வேண்டும், அதுவும் வெளியே, நேராக மேலே ஏறக்கூடிய இடத்தில் முடிச்சுப் போட்டுத் தொடங்க வேண்டும். உள்ளே போன பிறகு கட்டிய கயிறு உள்ளேயே முடிகிற கயிறு.

புறப்படும் நாள் காலையில்

நேரில் பார்த்த பிறகும் முடிவை மாற்றலாம். வழிகாட்டியின் பொருட்களைப் பாருங்கள். முதுகில் இரட்டைச் சிலிண்டரோ, இடுப்பின் இரு பக்கத்தில் இரண்டோ இருக்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்துச் சுமக்கிறார். வாயில் கவ்விச் சுவாசிக்கும் ரெகுலேட்டர் ஒன்றின் குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமாக இருக்கும். காற்று நின்றுபோன விருந்தினருக்கு அதைக் கொடுத்தால் ஒருவர் பின் ஒருவராக நீந்தி வரலாம். விளக்கு மூன்று: முதன்மை ஒன்று, உபரி இரண்டு. கயிறு அறுக்கும் கத்தி. உங்களுக்கும் ஒரு டார்ச்சும் முடிந்தால் உபரி ஒன்றும் தர வேண்டும், ஸ்நோர்க்கலைக் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும், தொங்கிக்கொண்டிருக்கும் அழுத்தமானியை உடம்போடு சொருகச் சொல்ல வேண்டும். அது கயிற்றில் மாட்டும்.

பிறகு அவர் பேசுவதைக் கேளுங்கள். விளக்கைத் தரையில் மெதுவாக வட்டமிட்டால் சரி என்று பொருள், வேகமாக ஆட்டினால் பிரச்சினை. விளக்கு அணைந்தால், கூட்டாளி காணாமல் போனால், வண்டல் கிளம்பினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். செனோட் என்றால் நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் மட்டத்தில் பார்வை திடீரென எண்ணெய் கலந்த மாதிரி மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாத வழிகாட்டி உங்களை வீணாகப் பயமுறுத்தப்போகிறார். கோ ஹா மாதிரி உள்ளே காற்று தேங்கிய இடத்தில் தலை தூக்க முடிகிற குகை என்றால், அங்கே ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டுவையுங்கள். அடைபட்ட காற்று சுவாசிக்கத் தகுந்ததுதானா என்று கண்ணால் சொல்ல முடியாது, வாயிலேயே வைத்திருங்கள் என்பவரைத்தான் நான் நம்புவேன். இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், யார் வேண்டுமானாலும் கட்டை விரலை மேலே காட்டி டைவை முடிக்கலாம், அதற்குப் பிறகு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று அவர் தன் வாயால் சொல்கிறாரா என்பது. கூடவே, கேவர்னுக்குள் போகும் முன் திறந்த தண்ணீரில் உங்களைச் சோதிக்கிறாரா என்றும் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழம் மேலே அசையாமல் மிதக்கச் சொல்வார். தவளை மாதிரிக் காலைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கத் தெரியுமா என்று பார்ப்பார், அப்படி உதைத்தால் வண்டல் கிளம்பாது. கை அடிக்கடி பிசிடி என்ற மிதவைச் சட்டையின் காற்றுப் பொத்தானுக்குப் போனால், உங்களை இன்று உள்ளே அழைத்துப்போக மாட்டேன் என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பணம் கொடுத்த விருந்தினரிடம் அதைச் சொல்ல ஒரு முதுகெலும்பு தேவை.

இதைப் பழக ஹந்து போதும். அங்கே தெரியும் தூரம் பல நாள் மூன்று நான்கு மீட்டர்தான், பவளத்துக்கு மேல் அசையாமல் நின்று பழகுங்கள். கலங்கல் தண்ணீரில் பதற்றப்படாமல் இருப்பது சிங்கப்பூர் முக்குளிப்பாளருக்குத் தானாகவே வரும் சொத்து.

காப்புறுதியையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் முக்குளிப்பு இருந்தாலும், உங்கள் சான்றுக்கு உட்பட்ட டைவ் மட்டும், இத்தனை மீட்டர் ஆழம் வரை மட்டும் என்ற வரிகள் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். கூரைக்குக் கீழே போவது அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆஸ்துமா, காது, இதயம் என்று மருத்துவப் படிவத்தில் எதற்காவது ஆம் என்று போட வேண்டியிருந்தால், பயணத்துக்கு முன்பே இங்கே மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் முக்குளிப்பு மருத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

சித்தி மகள் விமானத்தைத் திங்கள் சாயங்காலத்துக்கு மாற்றினாள், கட்டணம் போனதற்கு என்மேல் ஒரு வாரம் கோபம். கேள்வி கேட்டவரோடுதான் போனாள். இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதால் விலையும் அதிகம். ஞாயிறு பிற்பகல் செய்தி வந்தது.

"அண்ணே, இன்னிக்கு உள்ளே போகல. வாசல்ல அலை இழுத்துச்சு, கைடு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுக் கையை ஆட்டிட்டாரு. வெளிய பாறையைச் சுத்தி 40 நிமிஷம். பாதிப் பணம் திருப்பித் தர்றேன்னாரு, வேணாம்னுட்டேன். கோ ஹா இருக்கற பார்க்கை மே மாசம் மூடிடுவாங்களாம். ஏப்ரல்ல லீவு இருக்கா உங்களுக்கு?"